டார்ச்சை எப்போது மாற்றலாம்?

பேர்ணாம்பட்டு, குடியாத்தம் மலையோரத்தில் டார்ச் இல்லாமல் ராத்திரி வீட்டை விட்டு இறங்க முடியாது. மும்முனை மின்சாரம் எந்நேரம் வருகிறதோ அந்நேரம் போய் மோட்டார் போட்டாக வேண்டும். வரப்பில் கண்ணாடிவிரியன் கிடக்கலாம். ஆந்திரப் பக்கத்துக் கௌண்டின்யா சரணாலயத்திலிருந்து யானை இறங்கியிருக்கலாம். ஆம்பூர் ஷூ கம்பெனிகளில் வேலை முடித்து, கம்பெனி பஸ்ஸிலிருந்து மெயின் ரோட்டில் இறங்கி ஊருக்குள் நடக்கும் பெண்களின் கையிலும் ஒரு வெளிச்சம் வேண்டும். இருக்கிற டார்ச் போதுமா, புதிதாக வாங்கலாமா என்ற கேள்விக்கு ஒழுங்கான பதில் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றுவது இவர்களுக்காகத்தான்.

இரண்டு கட்டை, மூன்று கட்டை என்று பேட்டரியை எண்ணி டார்ச்சுக்குப் பெயர் சொன்ன காலத்தில் உள்ளே இருந்தது இழை பல்பு. வாங்கிய மின்சாரத்தில் பெரும்பகுதியைச் சூடாக்கிவிட்டு, ஒரு வாட்டுக்குச் சுமார் 10 லூமென் வெளிச்சம்தான் அது தரும். 1993-இல் ஜப்பானின் நிச்சியா நிறுவனத்தில் ஷுஜி நாகாமுரா பிரகாசமான நீல எல்.இ.டி.யைச் செய்து காட்டினார். அதன்மேல் மஞ்சள் ஒளி தரும் பாஸ்பர் பூச்சைப் பூசியதும் வெள்ளை ஒளி கிடைத்தது. நீல எல்.இ.டி.க்காக நாகாமுரா, அகாசாகி, அமானோ மூவருக்கும் 2014-இல் நோபல் பரிசு கொடுத்தார்கள். முதலில் வந்த வெள்ளை எல்.இ.டி.கள் இழை பல்பைவிடப் பெரிதாக ஒன்றும் தேறவில்லை. இன்று நல்ல டார்ச்சில் இருக்கும் எல்.இ.டி. வாட்டுக்கு 150 லூமெனைச் சாதாரணமாகத் தாண்டுகிறது. அதே கட்டை, பதினைந்து மடங்கு வெளிச்சம்.

ஆனால் அந்த ஓட்டம் இப்போது தளர்ந்துவிட்டது. 2014-லேயே அமெரிக்காவின் க்ரீ நிறுவனம் ஆய்வகத்தில் வாட்டுக்கு 303 லூமெனைத் தொட்டது. கண்ணுக்கு ஒத்த வெள்ளை ஒளி என்றால் இயற்கையே அனுமதிக்கும் எல்லை அதிலிருந்து வெகுதூரத்தில் இல்லை. எனவே ஐந்தாறு வருடத்துக்கு முன் வாங்கிய நல்ல டார்ச்சைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது வாங்கினால், கூடுதலாகக் கிடைக்கும் சிக்கனம் சொற்பம். கண்ணின் கணக்கும் இதில் உண்டு. லூமென் இரட்டித்தால் வெளிச்சம் இரட்டித்ததாகக் கண்ணுக்குத் தெரியாது. ஒளி எட்டும் தூரத்தை இருமடங்காக்க ஒளிக்கற்றையின் செறிவு நான்கு மடங்காக வேண்டும். அட்டைப்பெட்டியில் போட்டிருக்கும் மீட்டர் கணக்கும், முழு நிலவு வெளிச்சம் அளவுக்கு ஒளி மங்கிப்போகும் இடம்வரை அளந்தது. அந்தத் தூரத்தில் பாம்பைக் கண்டுபிடிக்க முடியாது.

நம் ஊர்க்காரர்கள் லூமெனைவிடக் கவனிக்க வேண்டியது நிறம். இதைத் தோல் தொழிலில் இருப்பவர்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. ஃபினிஷ் ஆன தோலில் ஒரு பழுப்பு, வெயிலில் ஒரு மாதிரியும் டியூப்லைட்டில் வேறு மாதிரியும் தெரியும். அதற்காகவே பகல் ஒளி, கடை விளக்கு ஒளி என்று தனித்தனி விளக்குகள் வைத்த பெட்டிக்குள் தோலை வைத்து ஷேட் பார்க்கிறார்கள். ஐரோப்பிய ஒன்றியம் 2023-இல் டியூப்லைட்டுகளைச் சந்தைக்குக் கொண்டுவருவதை நிறுத்தியது. ராணிப்பேட்டையிலோ வாணியம்பாடியிலோ ஷேட் பார்ப்பவர், ஐரோப்பியக் கடையில் ஷூவின் மேல் எந்த விளக்கு விழும் என்பதையும் யோசிக்க வேண்டியிருக்கிறது.

டார்ச்சுக்கும் இதே விதிதான். நிறங்களை எவ்வளவு உண்மையாகக் காட்டுகிறது என்பதற்கு சி.ஆர்.ஐ. என்றொரு எண் உண்டு. சூரிய ஒளிக்கு அது 100. மலிவான எல்.இ.டி. டார்ச்சுகள் 70-ஐ ஒட்டி நிற்கும். நீலம் தூக்கலாக, சிவப்பு செத்துப்போயிருக்கும். சருகுக்குள் கிடக்கும் பழுப்பு விரியனும், சேற்றில் சொட்டிய ரத்தமும் அந்த வெளிச்சத்தில் மண்ணோடு மண்ணாகிவிடும். 90-க்கு மேல் உள்ளதில் வெளிச்சம் கொஞ்சம் குறையும். குறையட்டும். 1000 லூமென் நீலத்தைவிட 300 லூமென் நல்ல வெள்ளையையே நான் வாங்கச் சொல்வேன்.

டேனரிக் கழிவுநீர்த் தொட்டிக்குள் எட்டிப் பார்க்கச் சாதாரண டார்ச் எதையும் கொண்டுபோகாதீர்கள். அங்கே சேரும் ஹைட்ரஜன் சல்பைடு தீப்பிடிக்கக் கூடியது. அளவு மிஞ்சினால் நாற்றமே தெரியாமல் போய், மூச்சை நிறுத்திவிடும். இந்த வட்டாரத்தில் எத்தனை குடும்பங்கள் அதற்குப் பலி கொடுத்திருக்கின்றன! எவ்வளவு நல்ல வெளிச்சம் கையில் இருந்தாலும் அந்தக் குழிக்குள் மனிதனை இறக்கக் கூடாது.

அடுத்தது பேட்டரி. பெரும்பாலான டார்ச்சில் முதலில் சாவது அதுதான், எல்.இ.டி. அல்ல. லெட்-ஆசிட் பேட்டரி வைத்து மூடிய மலிவு சார்ஜ் லைட்டுகள், சார்ஜ் முழுக்க இறங்கிச் சில மாதம் மூலையில் கிடந்தாலே பாழாகிவிடும். உள்ளே இருப்பது ஈயம். பாலாற்றுப் படுகை குரோமியத்தையும் உப்பையும் சுமந்தது போதும். ஈயத்தையும் குப்பைமேட்டில் கொட்ட வேண்டாம். பழைய பேட்டரியைத் திரும்பப் பெறும் பொறுப்பைத் தயாரிப்பாளர் மேல் 2022-ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு விதிகள் சுமத்தியிருக்கின்றன. கடைக்காரரிடம் கேளுங்கள்.

ஆக, வீட்டில் இருப்பது இழை பல்பு என்றால் இன்றே மாற்றுங்கள். லெட்-ஆசிட் சார்ஜ் லைட் என்றால் பேட்டரி சாகும் நாளில் மாற்றுங்கள். லித்தியம் பேட்டரியைத் தனியாகக் கழற்றி மாற்ற முடிகிற நல்ல எல்.இ.டி. டார்ச் ஏற்கெனவே இருந்தால், பேட்டரியை மட்டும் புதிதாகப் போட்டு, மிச்சப் பணத்தில் வரப்பில் நடக்க ஒரு கம்பூட்ஸ் வாங்குங்கள்.