ஆடித்தபசு படங்கள் பத்திரம்! ஃபிலிம் ரோலுடன் விமானம் ஏறுபவர்கள் கவனத்துக்கு...

சங்கரன்கோவில் ஆடித்தபசு என்றால் ஊரே திரண்டு நிற்கும். தபசுக்கோலத்தில் வரும் கோமதி அம்மனுக்கு விவசாயிகள் பருத்தி, மிளகாய் வத்தல் என விளைந்ததைச் சூறைவிடுவார்கள். சிவனும் திருமாலும் ஓருருவாய் சங்கரநாராயணராகக் காட்சி தரும் அந்த நேரத்துக்காகவே வெளிநாட்டிலிருந்து ஊர் திரும்பும் குடும்பங்கள் உண்டு.

அப்படி வரும் இளசுகளில் சிலர் கையில் இப்போது தாத்தா காலத்து ஃபிலிம் கேமரா. ஒரு ரோலில் 36 படம்தான். அதில் சப்பரம் இருக்கும். அடுத்த தபசுக்கு இருப்பாரோ என்று மனம் பதறும் ஆச்சியின் சிரிப்பும் இருக்கும். கழுவாத அந்த ரோலைச் சூட்கேஸில் போட்டு மதுரையிலோ திருவனந்தபுரத்திலோ விமானம் ஏறினால், ஊர் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் வெளிறிப்போகலாம்.

ஏன் இப்படி?

1895-ல் ராண்ட்ஜன் எக்ஸ்ரேயைக் கண்டுபிடித்தபோது, மனைவியின் கை எலும்பைப் பதிவு செய்தது ஒரு போட்டோ பிளேட்டில்தான். வெளிச்சம் செய்யும் வேலையை எக்ஸ்ரேயும் செய்யும். ஊட்டியில் 'இந்து' ஃபிலிம் தயாரித்த அரசு நிறுவனம், எக்ஸ்ரே ஃபிலிமும் தயாரித்தது. ஆக, ஸ்கேனருக்குள் போகும் ரோல், கேமராவைத் திறக்காமலேயே கொஞ்சம் கொஞ்சமாகப் பதிவாகிவிடுகிறது. ஒவ்வொரு முறை போகும்போதும் பாதிப்பு கூடும்.

எது ஆபத்து?

செக்-இன் லக்கேஜை சோதிக்கும் இயந்திரங்கள் சக்தி வாய்ந்தவை. அதில் ஃபிலிமைப் போடவே கூடாது. கைப்பைக்கான பழைய வகை ஸ்கேனரில் 100, 200, 400 ஐ.எஸ்.ஓ. ரோல்கள் ஓரிரு முறை பெரும்பாலும் தப்பிக்கும். 800-க்கு மேல் என்றால் தவிர்ப்பது நல்லது. ஆனால், லேப்டாப்பை வெளியே எடுக்கச் சொல்லாத புதிய சி.டி. ஸ்கேனர்கள் வந்துகொண்டிருக்கின்றன. பெங்களூரு உள்ளிட்ட பெரிய விமான நிலையங்களில் இவை உண்டு. இதில் எந்த ரோலும் போகக் கூடாது. இன்ஸ்டன்ட் கேமரா ஃபிலிமுக்கும் இதே விதிதான்.

கழுவி முடித்த நெகட்டிவ், மெமரி கார்டு, ரோல் இல்லாத கேமரா... இவற்றுக்குப் பயமில்லை.

என்ன செய்யலாம்?

* ரோல்களை டப்பாவிலிருந்து எடுத்து, உள்ளே இருப்பது தெரியும் பிளாஸ்டிக் கவரில் போட்டுக் கைப்பையின் மேலாக வையுங்கள்.

* வரிசையில் நிற்கும்போதே, "இது ஃபிலிம், கையால் சோதிக்க முடியுமா?" என்று பணிவாகக் கேளுங்கள். அமெரிக்காவில் கேட்டால் கையால் சோதிக்க விதி இருக்கிறது. நம் ஊரில் பாதுகாப்பு அதிகாரியின் முடிவுதான். அதனால், சீக்கிரமே போய்விடுங்கள்.

* கேமராவுக்குள் பாதி ரோல் இருந்தால் முடித்து, சுற்றி வெளியே எடுத்துவிடுங்கள். சோதனையில் பின்மூடியைத் திறந்தால் படம் போச்சு!

* ஈயப் பையை நம்ப வேண்டாம். உள்ளே இருப்பது தெரியவில்லை என்று மறுபடி ஸ்கேன் செய்வார்கள்.

* இடையில் விமானம் மாறினால் அங்கும் சோதனை உண்டு. மறக்க வேண்டாம்.

எல்லாவற்றையும்விட நல்ல வழி, ஊருக்குக் கிளம்பும் முன்பே கழுவிவிடுவது. சென்னை, பெங்களூருவில் ஃபிலிம் கழுவும் லேப்கள் இன்னும் இருக்கின்றன. இரண்டு நாள் தாமதமானாலும் பரவாயில்லை. டிக்கெட்டை மாற்றிக்கொள்ளலாம், ஆச்சியின் அந்தச் சிரிப்பை மறுபடி எடுக்க முடியாது.