போயிட்டு வரேன், பிரெஞ்சில்!

மும்பை மாட்டுங்காவில் அச்சாகும் ஆங்கிலக் கல்யாணப் பத்திரிகைகள் பலவற்றின் அடியில் நான்கு எழுத்துகள் இருக்கும்: ஆர்.எஸ்.வி.பி. கீழே பெரியப்பா, மாமா பெயர்களைப் பார்த்துவிட்டு, 'உறவினர்கள்' என்பதன் சுருக்கம் போலிருக்கிறது என்று யாராவது நினைத்தால் குற்றமில்லை. அது பிரெஞ்சு. 'ரெபோந்தே சில் வூ ப்ளே'. உங்களுக்குப் பிரியமானால் பதில் சொல்லுங்கள் என்று அர்த்தம். எத்தனை இலை போடுவது என்று தெரிய வேண்டாமா? 'ப்ளீஸ் ஆர்.எஸ்.வி.பி.' என்று அச்சடித்தால் 'தயவுசெய்து' இரண்டு முறை வந்துவிடும். நம் 'நடு சென்டர்' மாதிரி.

மும்பையில் பிரெஞ்சு அப்படியொன்றும் அரிதல்ல. பள்ளிகள் சிலவற்றிலும் ஜூனியர் கல்லூரிகள் பலவற்றிலும் அதை மொழிப்பாடமாக எடுக்கலாம். நியூ மரீன் லைன்ஸில் அலியான்ஸ் பிரான்சேஸ் இருக்கிறது. ஆனால் பாடப்புத்தகத்தில் பிரெஞ்சு வாக்கியத்துக்கு எதிரே இருப்பது ஆங்கில அர்த்தம். செம்பூர் கான்வென்ட் பிள்ளைக்கு அது சுலபம். தாராவியில் மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியில் படித்த பிள்ளை ஆசைப்பட்டால், "இங்கிலீஷே தகராறு, இதுல பிரெஞ்சு வேறயா?" என்ற கேள்வி வீட்டிலேயே வரும்.

கேள்வி நியாயமானதுதானா? அன்றாடப் பேச்சைப் பொறுத்தவரை, பல இடங்களில் ஆங்கிலத்தைவிடத் தமிழ்தான் கிட்டத்து வழி.

'த்யு', 'வூ' இரண்டுக்கும் ஆங்கிலத்தில் ஒரே 'யூ'. இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று ஆசிரியர் ஒரு பக்கம் விளக்க வேண்டும். தமிழ்ப் பிள்ளைக்கு இரண்டே வார்த்தை போதும்: நீ, நீங்கள். கடைக்காரரிடம் எதைச் சொல்வது, கூட்டாளியிடம் எதைச் சொல்வது என்று அதற்கு யாரும் கற்றுத்தர வேண்டாம்.

'ஸ வா?' என்றால் ஆங்கிலப் புத்தகம் 'ஹவ் ஆர் யூ' என்கிறது. சொல்லுக்குச் சொல் பார்த்தால் 'போகிறதா?' என்று பொருள். "எப்படிப் போகுது?" என்று தொண்ணூறு அடி ரோட்டில் தினமும் கேட்பதுதான். நன்றி சொன்னவருக்குப் பதில் 'து ரியேன்': ஒன்றுமில்லை. "இதுல என்ன இருக்கு!" என்பதற்கு அடுத்த வீடு. 'பா மால்' என்றால் 'மோசமில்லை'. ஆனால் சொல்லும் தொனியில் அது பாராட்டாகிவிடும். பிள்ளை நல்ல மார்க் வாங்கி வரும்போது அப்பா சொல்லும் "பரவாயில்லையே!" தான் அது.

எல்லாவற்றுக்கும் தமிழ் உதவாது. பிரெஞ்சில் நாற்காலி பெண்பால், புத்தகம் ஆண்பால். அஃறிணை என்று ஒதுக்கிப் பழகிய நமக்கு இது தலைவலி. இங்கே மும்பை கைகொடுக்கிறது. தெருவில் கற்ற இந்தியில் 'குர்ஸி'யும் பெண்பால்தானே! எல்லாப் பொருளுக்கும் பால் ஒத்துப்போகாது. ஆனால் பொருளுக்குப் பால் உண்டு என்ற பழக்கம் ஏற்கெனவே வந்திருக்கும்.

ஆங்கிலம் குறுக்கே வராமல் இந்த இரு மொழிகளும் பேசிக்கொண்டது புதிதுமல்ல. 18-ம் நூற்றாண்டில் புதுச்சேரியில் துய்ப்ளேக்ஸின் துபாஷாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை தன் நாட்குறிப்பைத் தமிழில்தான் எழுதினார். ஆல்பெர் காம்யுவின் 'அந்நிய'னை வெ. ஸ்ரீராம் பிரெஞ்சிலிருந்தே நேராகத் தமிழுக்குக் கொண்டுவந்தார். க்ரியா அதை 1980-ல் வெளியிட்டது.

பரீட்சையை ஆங்கிலத்தில்தான் எழுத வேண்டியிருக்கலாம். ஆனால் நோட்டில் மூன்றாவதாக ஒரு பத்தி போட்டுத் தமிழையும் எழுதிக்கொள்ள யார் அனுமதியும் தேவையில்லை. அப்படி எழுதும் பிள்ளைக்கு, வீட்டில் பேசும் மொழி முட்டுக்கட்டை அல்ல, முதல் என்பது சீக்கிரமே தெரிந்துவிடும்.

விடைபெறும்போது பிரெஞ்சுக்காரர் சொல்வது 'ஓ ரெவ்வார்'. மறுபடி பார்க்கும் வரை என்று பொருள். புத்தகத்தில் அதற்கு எதிரே 'குட்பை' என்று இருக்கும். 'போகிறேன்' என்று சொன்னாலே வாசலில் அதட்டு வாங்கும் தமிழ்ப் பிள்ளைக்கு, சரியான அர்த்தம் எது என்று புத்தகமா சொல்ல வேண்டும்?