வெள்ளைக் கீற்றுக்குள் போகும் விமானம்

அஸர் தொழுதுவிட்டுப் பிள்ளைகளோடு அறுகம்பே கடற்கரைக்கு வந்திருக்கிறீர்கள். வானத்திலே கோழியிறகைப் பிய்த்துப் போட்டதுபோல் வெள்ளைக் கீற்றுகள். அதற்குள் ஒரு விமானம் நுழைகிறது. மகனோ கணவரோ கட்டாரிலும் சவூதியிலும் இருக்கிற வீடென்றால், 'முகிலுக்குள் போனால் விமானத்துக்கு ஒன்றும் ஆகாதா?' என்று மனம் கேட்கத்தானே செய்யும்!

அது மழைமுகில் அல்ல. விமானங்கள் பறக்கும் 10, 12 கிலோமீற்றர் உயரத்தில் குளிர் பூச்சியத்துக்குக் கீழே 40 பாகையையும் தாண்டிவிடும். அங்கே இருப்பது பொடிப்பொடியான பனிப் பளிங்குகள்.

எதிரே அலையைப் பாருங்கள். வெள்ளைக்காரப் பிள்ளைகள் பலகையில் சறுக்கும்போது அலையின் முகம் கண்ணாடிபோல் வழுவழுப்பாக இருக்கும். உடைந்ததும் ஒரே நுரை. விமானத்தின் இறக்கையை ஒட்டி ஓடும் காற்றும் இப்படித்தான். வழுவழுப்பாக ஓடினால் இழுவை குறையும், எரிபொருள் மிஞ்சும். ஆனால் இன்று பறக்கும் சாதாரண விமானங்களின் இறக்கையில் பெரும்பகுதிக் காற்று ஏற்கனவே நுரைத்துத்தான் ஓடுகிறது. ஆகவே மெல்லிய கீற்று முகிலால் அவற்றுக்குப் பெரிய நட்டமில்லை.

காற்றை வழுவழுப்பாகவே ஓடவைக்கும் இறக்கைகளைச் செய்து பார்த்தவர்களுக்குத்தான் இந்த முகில் வில்லங்கமாயிற்று. 1960களில் அமெரிக்காவின் எக்ஸ்-21 விமானத்தில் இறக்கையின் நுண்ணிய பிளவுகள் வழியே காற்றை உறிஞ்சிப் பார்த்தார்கள். கீற்று முகிலுக்குள் போனதும் பளிங்குகள் பட்டு அந்த ஓட்டம் குலைந்தது. 1980களில் நாசா, ஜெட்ஸ்டார் என்ற சிறிய ஜெட்டைப் பயணிகள் விமானம்போல் ஊருக்கு ஊர் பறக்கவிட்டுச் சோதித்தது. முகிலைத் தாண்டியதும் ஓட்டம் மீண்டும் சீரானது. இறக்கையின் முன்விளிம்பில் ஒட்டிச் சாகும் பூச்சிகளுக்கும் அவர்கள் வழி தேட வேண்டியிருந்தது. எவ்வளவு பெரிய இயந்திரம், கொசு எவ்வளவு சிறிது!

உண்மையில் கவனிக்க வேண்டியது வேறு முகில். நம்மைப்போல் பூமத்தியரேகைக்கு அருகிலுள்ள நாடுகளில் இடிமுகில்கள் 15 கிலோமீற்றருக்கும் மேலே எழும்பும். விமானி மேலால் தாண்ட முடியாது, சுற்றித்தான் போகவேண்டும். 2024 மே 21இல் லண்டனிலிருந்து சிங்கப்பூர் போன சிங்கப்பூர் எயார்லைன்ஸ் விமானம், மியன்மாருக்கு மேலே, முகில்கள் எழும்பிக்கொண்டிருந்த பகுதியில் திடீரெனக் குலுங்கியது. பட்டி கட்டாதவர்கள் ஆசனத்திலிருந்து தூக்கி எறியப்பட்டார்கள். ஒருவர் இறந்தார், பலர் காயப்பட்டார்கள்.

கட்டுநாயக்காவுக்கு மகனை வழியனுப்பும்போது, சாப்பாட்டுப் பொதியோடு இதையும் சொல்லிவிடுங்கள்: விளக்கு அணைந்தாலும், ஆசனத்தில் இருக்கும்வரை பட்டியைக் கழற்றாதே மகன்.