நாற்காலியைக் கவிழ்த்துப் பாருங்கள்

பழைய நாற்காலி வாங்க வருகிறவர்கள் முதலில் அதில் உட்கார்ந்து பார்ப்பார்கள். கைப்பிடியைத் தடவுவார்கள், முதுகைச் சாய்ப்பார்கள், விலை கேட்பார்கள். நான் அதைக் கவிழ்த்துப் பார்ப்பேன். பாரிஸ் நகரில் ஃபோபூர் சேந்த் ஆந்த்துவான் பகுதியில், பழைய மரச்சாமான்களைச் செப்பனிடும் ஒரு பட்டறையில் 31 ஆண்டு வேலை பார்த்தவன் நான். மேல்பக்கம் விருந்தாளிக்கு, அடிப்பக்கம் தச்சனுக்கு என்று என் அப்பா சொல்வார். புதுச்சேரியில் அவரும் தச்சர்தான்.

சென்ற தை மாதம் ஒரு பழம்பொருள் கடைக்குப் போயிருந்தேன். வாசலில் இருபது வயதுப் பையன் ஒருவன் பிரெஞ்சு நாற்காலி ஒன்றைத் தலைகீழாகப் போட்டு உப்புத்தாளால் தேய்த்துக்கொண்டிருந்தான். பீச் மரச் சட்டம். ஒரு காலத்தில் தங்க ரேக் ஒட்டியிருந்ததற்கு அடையாளமாகச் செதுக்கலின் பள்ளங்களில் மட்டும் மஞ்சள் மின்னியது. பின்சட்டத்தின் உள்பக்கம் ஒரு காகிதத் துண்டு ஒட்டியிருந்தது. அதில் மையால் எழுதிய ஓர் எண்.

“அதை ஏன் தம்பி தேய்க்கிறே?”

“கறை சார். நாளைக்கு ஏலத்துக்குப் போகுது. பளிச்சுன்னு இருக்கணும்னு முதலாளி சொல்லிட்டாரு.”

அவன் கையை நான் நிறுத்தியபோது கடைசி இரண்டு இலக்கம்தான் மிச்சம்: 4, 7. எந்த வீட்டுக் கணக்கில் இருந்த எண், எந்த ஊரிலிருந்து கப்பலேறியது என்று இனி யாராலும் சொல்ல முடியாது. பையனைக் குறை சொல்ல மாட்டேன். அவனுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

ஏலத்துக்கு வரும் ஐரோப்பியப் பழம்பொருளில் மரம் பாதி, எழுத்து பாதி. எழுத்து போய்விட்டால் மிஞ்சுவது பழைய மரம். இதற்கு வெர்சாய் அரண்மனையைவிடப் பெரிய சாட்சி கிடையாது.

1793 ஜனவரியில் பதினாறாம் லூயி மன்னரின் தலையை வெட்டினார்கள். அதே ஆண்டு ஆகஸ்ட் 25 அன்று வெர்சாய் அரண்மனைச் சாமான்களின் ஏலம் தொடங்கியது. 1794 ஆகஸ்ட் 11 வரை, ஏறத்தாழ ஓராண்டு நடந்தது. 17,000 உருப்படிக்கும் மேல் விற்றார்கள். கட்டில், மேசை, நிலைக்கண்ணாடி, கடிகாரம், திரைச்சீலை என்று ஒரு ராஜாங்கத்தின் வீட்டுச்சாமான் முழுவதும் சுத்தியல் அடிக்குப் போனது. புரட்சி அரசுக்குப் பணம் வேண்டியிருந்தது. வெளிநாட்டாரும் வாங்கிக்கொண்டு போகலாம் என்று கதவைத் திறந்துவிட்டார்கள். பல உருப்படிகள் பிரான்ஸை விட்டே போயின.

அந்தக் கூட்டத்தில் ஏலம் கேட்டு நின்றவர்களில் ஒருவர் ழான் ஆன்றி ரீஸ்னெர். 1734-ல் ஜெர்மன் நாட்டில் பிறந்து, பாரிஸுக்கு வந்து, அரசரின் தச்சர் என்ற நிலைக்கு உயர்ந்தவர். பதினைந்தாம் லூயிக்காக அவருடைய குரு அபென் 1760-ல் தொடங்கிய எழுத்து மேசையை, குரு இறந்த பிறகு 1769-ல் முடித்துக் கொடுத்தவர். ஒரே மேசைக்கு ஒன்பது ஆண்டு. அப்படிப்பட்டவர், தான் செய்து கொடுத்த சாமான்களையே ஏலத்தில் கைக்காசு போட்டுத் திரும்ப வாங்கினார். பின்னால் நல்ல விலை வரும் என்று நம்பினார். வரவில்லை. ஊரின் ரசனை மாறிவிட்டது, வாங்குகிற பிரபுக்களும் இல்லை. 1806-ல் இறந்துபோனார். தச்சன் மகனான எனக்கு இந்த இடத்தில் எப்போதும் தொண்டை அடைக்கும்.

ஆனால் அந்தச் சாமான்களின் கதை அத்தோடு முடியவில்லை. அரண்மனைச் சாமான்களைக் கவனிக்கத் தனி இலாகா ஒன்று இருந்தது. புதிதாக எது வந்தாலும் பேரேட்டில் ஏற்றுவார்கள்: வந்த தேதி, செய்தவர் பெயர், எந்த மரம், எந்த அறைக்கு, நீளம் அகலம் உயரம், ஒரு வரிசை எண். அதே எண்ணைச் சாமானின் பின்பலகையிலோ அடிச்சட்டத்திலோ எழுதிவிடுவார்கள். அரண்மனையின் சூட்டு முத்திரையும் சிலவற்றில் உண்டு. இது போதாதென்று, பதினெட்டாம் நூற்றாண்டின் நடுவில் பாரிஸ் தச்சர் சங்கமே ஒரு விதி கொண்டுவந்தது. உறுப்பினர் ஒவ்வொருவரும் தம் பெயர் பொறித்த இரும்பு அச்சை மரத்தில் அடிக்க வேண்டும். சங்கம் பார்த்து ஒப்புக்கொண்டால் ஜே.எம்.ஈ. என்ற மூன்றெழுத்து முத்திரையும் பக்கத்தில் விழும்.

இருபதாம் நூற்றாண்டில் பியேர் வெர்லே என்ற அறிஞர் அந்தப் பேரேடுகளை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். உலகம் முழுவதும் சிதறிக் கிடந்த மேசை, அலமாரிகளின் முதுகில் மங்கிக் கிடந்த எண்களைப் பேரேட்டு எண்களோடு ஒப்பிட்டார். எண் பொருந்தும், அளவு பொருந்தும், வேலைப்பாட்டின் விவரம் பொருந்தும். இது ராணியின் அறையில் இருந்தது, இது இன்ன ஆண்டு வந்தது என்று ஒவ்வொன்றாக அடையாளம் தெரிந்தது. வெர்சாய் இன்றைக்கும் தன் பழைய சாமான்களைத் தேடிப்பிடித்து வாங்கி, இருந்த அறையிலேயே வைத்துக்கொண்டிருக்கிறது. 200 ஆண்டு கழித்து ஒரு நாற்காலி தன் வீட்டுக்குத் திரும்ப முடிந்ததற்குக் காரணம், யாரோ ஒரு கணக்கப்பிள்ளை எழுதிய எண். அந்த எண்ணை யாரும் கறை என்று தேய்க்காததும் காரணம்.

முத்திரையைப் போலி செய்ய முடியாதா என்று கேட்பீர்கள். முடியும். வெர்சாய் அரண்மனையே ஏமாந்திருக்கிறது. அசல் என்று நம்பி வாங்கிய பதினெட்டாம் நூற்றாண்டு நாற்காலிகள் சில, நம் காலத்தில் பட்டறையில் செய்தவை என்ற செய்தி 2016-ல் வெடித்தது. துறையின் பெயர்பெற்ற நிபுணர் ஒருவரும் கைதேர்ந்த செதுக்குவேலைக்காரர் ஒருவரும் சேர்ந்து செய்த வேலை. 2025-ல் நீதிமன்றம் அவர்களைத் தண்டித்தது. அதனால்தான் சொல்கிறேன், முத்திரை மட்டும் போதாது. யாரிடமிருந்து யாருக்குக் கைமாறியது என்ற காகிதச் சங்கிலி அறுபடாமல் வர வேண்டும். பாட்மின்டன் அலமாரியைப் பாருங்கள். 1726-க்கும் 1732-க்கும் இடையே ஃபுளோரன்ஸ் நகரில், வண்ணக் கற்களைப் பதித்து, இங்கிலாந்தின் போஃபர்ட் பிரபு ஒருவருக்காகச் செய்தது. 2004-ல் லண்டன் ஏலத்தில் 1 கோடியே 90 லட்சம் பவுண்டுக்குப் போனது. உலகில் மரச்சாமான் எதற்கும் அதுவரை அவ்வளவு விலை கிடைத்ததில்லை. யாருக்காகச் செய்தது, எந்த வீட்டில் நின்றது என்பதில் அணுவளவும் ஐயம் கிடையாது. அந்த விலையில் காகிதத்துக்கும் பங்கு உண்டு.

எழுதி வைக்காமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு உதாரணம் நம் கரையிலேயே இருக்கிறது. லண்டனுக்கு அருகே ஸ்ட்ராபெரி ஹில் என்ற மாளிகையைக் கட்டியவர் ஹொரேஸ் வால்போல். 1763-ல் ஒரு வீட்டு ஏலத்தில் கருங்காலி நாற்காலிகள் சிலவற்றை வாங்கினார். முறுக்கிக் கடைந்த கால்கள், இடைவெளி விடாமல் செதுக்கிய பூவும் கொடியும், கரிய மினுமினுப்பு. பதினாறாம் நூற்றாண்டு இங்கிலாந்தில், டியூடர் மன்னர்கள் காலத்தில் செய்தவை என்று அவர் உறுதியாக நம்பினார். அவரைப் பார்த்து மற்ற சீமான்களும் கருங்காலியைத் தேடி வாங்கினார்கள். 1842-ல் ஸ்ட்ராபெரி ஹில் சாமான்கள் 24 நாள் ஏலத்தில் கலைந்து போயின.

அந்த வகை நாற்காலிகள் டியூடர் காலத்தவை அல்ல, இங்கிலாந்தில் செய்தவையும் அல்ல என்று பின்னால் வந்த ஆய்வாளர்கள் நிறுவினார்கள். அவை பதினேழாம் நூற்றாண்டில் சோழமண்டலக் கரையில், ஐரோப்பிய வணிகர்களுக்காக இந்தியத் தச்சர்கள் செதுக்கியவை. அந்தப் பூக்களை வெட்டிய உளி நம் கரையின் உளி. எந்த ஊர், எந்தத் தெரு, யார் கை? ஒரு பெயரும் இல்லை. பாரிஸில் ரீஸ்னெரின் பெயர் மரத்தில் அச்சாக இருக்கிறது. நம் தச்சனின் வேலை நூறாண்டுக்கு மேல் வேறு நாட்டான் பெயரில் நின்றது. இதைவிடக் கொடுமை, சீனாவில் செய்த அரக்குத் திரைகளுக்கு ஐரோப்பிய ஏலங்களில் ‘கோரமண்டல்’ என்று பெயர். நம் துறைமுகங்கள் வழியாகக் கப்பலேறியதால் ஒட்டிக்கொண்ட பெயர் அது. நாம் செய்யாததற்கு நம் பெயர், நாம் செய்ததற்கு அடுத்தவன் பெயர். எழுதி வைக்காதவன் பொருளுக்கு இதுதான் கதி.

எழுத்து இல்லாதபோது மரத்தையே படிக்க வேண்டும். பாரிஸில் துருவோ என்ற ஏல மாளிகை 1852 முதல் இருக்கிறது. ஏலத்துக்கு முந்தின நாள் யார் வேண்டுமானாலும் உள்ளே போய்ச் சாமான்களைத் தொட்டுப் பார்க்கலாம், இழுப்பறையைத் திறக்கலாம். எங்கள் முதலாளி என்னை டார்ச் விளக்கும் அளவு நாடாவும் கொடுத்து அனுப்புவார். முதலில் இழுப்பறையை முழுதாக உருவி, அடிப்பலகையில் விரல் நுனியை ஓட்டுவேன். கையால் இழைப்புளி போட்ட பலகையில் மெல்லிய அலை அலையாக மேடு பள்ளம் தட்டுப்படும். எந்திரம் இழைத்தது வழுவழுவென்று போகும். அறுத்த தடம் வில் போல வளைந்திருந்தால் அது வட்ட ரம்பத்தின் தடம். பத்தொன்பதாம் நூற்றாண்டுக்கு முன் போகாது. வட்ட மேசையை இரண்டு வாக்கில் அளப்பேன். மரம் நூற்றாண்டுக்கணக்கில் காயும்போது நார் ஓடும் திசைக்குக் குறுக்கே சுருங்கும், நீளவாக்கில் அவ்வளவாகச் சுருங்காது. உண்மையிலேயே பழைய மேசை முழு வட்டமாக இருக்காது. இரண்டு அளவும் மயிரிழை பிசகாமல் ஒன்றாக இருந்தால் சந்தேகப்பட வேண்டும்.

அங்கே இன்னொரு நல்ல வழக்கமும் உண்டு. 1981-ல் பிரெஞ்சு அரசு ஓர் ஆணை போட்டது. ஏலப் பட்டியலில் ‘பதினைந்தாம் லூயி காலத்து நாற்காலி’ என்று எழுதினால், அது அந்தக் காலத்தில் செய்ததுதான் என்பதற்கு விற்பவர் பொறுப்பு. ‘பதினைந்தாம் லூயி பாணி நாற்காலி’ என்று எழுதினால் அந்தப் பொறுப்பு இல்லை; நேற்றுச் செய்ததாகவும் இருக்கலாம். காலம், பாணி என்ற இரண்டு சொல்லுக்கு நடுவே சட்டமே ஒரு கோடு கிழித்துவிட்டது. வாங்குகிறவருக்கு இதைவிடப் பெரிய காப்பு வேறு என்ன வேண்டும்?

நம் ஊர் ஏலங்களிலும் பழம்பொருள் கடைகளிலும் இந்தக் கோடு வர வேண்டும். 1972-ல் நாம் கொண்டுவந்த தொல்பொருள் சட்டம் நூறாண்டு கடந்த பொருள் நாட்டைவிட்டுப் போவதைத் தடுக்கிறது, விற்பவர் உரிமம் பெறவும் சொல்கிறது. நல்ல சட்டம். அதோடு, ‘காலத்தது’, ‘பாணியில் செய்தது’, ‘பாகங்கள் மாற்றியது’ என்ற மூன்று சொல்லைப் பட்டியலில் எழுதியே ஆக வேண்டும் என்றால் நேர்மையான வியாபாரிக்கு ஒரு நட்டமும் இல்லை.

ஏலம், அலமாரி, மேசை, சாவி. இந்த நான்கு சொல்லும் போர்த்துக்கீசியரிடமிருந்து தமிழுக்கு வந்தவை. அவ்வளவு காலமாக இந்தச் சாமான்கள் நம்மோடு புழங்குகின்றன. பிரெஞ்சுக்காரர்கள் புதுச்சேரியை விட்டுக் கிளம்பிய காலத்தில் வீடு வீடாகச் சாமான்கள் ஏலத்துக்கு வந்தன. கால் உடைந்த ஓர் அலமாரியை என் அப்பா 45 ரூபாய்க்கு எடுத்தார். வச்சிரம் காய்ச்சி, உடைந்த காலுக்குக் கழுந்து வைத்து நிறுத்தினார். பிறகு கதவின் உள்பக்கம் பென்சிலால் எழுதினார்: எந்தத் தெரு வீடு, எந்தத் தேதி, என்ன விலை, முன்னங்கால் புதியது. மூன்றாம் வகுப்போடு படிப்பை விட்டவர் அவர். பாரிஸில் நான் பார்த்த எந்த ஏலப் பட்டியலும் அந்த நான்கு வரியைவிட நாணயமாக இருந்ததில்லை.

இப்போது செட்டிநாட்டு வீடுகளிலிருந்தும் பழைய புதுச்சேரி வீடுகளிலிருந்தும் பெல்ஜியம் கண்ணாடியும் சரவிளக்கும் பிரம்பு நாற்காலியும் தொடர்ந்து வெளியே வருகின்றன. பங்காளிகள் பல ஊரில் இருக்கிறார்கள், வீட்டைப் பராமரிக்க ஆள் இல்லை, விற்கிறார்கள். அதைத் தவறு என்று சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் கணக்கு எழுதுவதில் பேர்போன குடும்பங்கள், பெட்டி நிறையப் பழைய ரசீதை வைத்துக்கொண்டு நாற்காலியை மட்டும் ஊமையாக அனுப்பிவிடுவது தவறு.

ஏலக்காரர் வருவதற்கு முதல் நாள் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். ஒவ்வொரு சாமானையும் கவிழ்த்து, அடியில் என்ன இருக்கிறது என்று படம் எடுங்கள். எண், முத்திரை, ஒட்டிய காகிதம் எதையும் துடைக்காதீர்கள். வீட்டில் மூத்தவரை உட்காரவைத்து, யார் வாங்கியது, எங்கிருந்து வந்தது, எந்த அறையில் கிடந்தது என்று கேட்டு ஒரு தாளில் எழுதுங்கள். ரசீது இருந்தால் நகல் எடுத்து அதோடு சேருங்கள். எல்லாவற்றையும் ஓர் உறையில் போட்டு இழுப்பறைக்குள் வையுங்கள். அதன் பிறகு விற்றுவிடுங்கள்.

அப்பாவின் அலமாரி என் வீட்டில் இருக்கிறது. அவர் எழுதிய வரிகளுக்குக் கீழே, 2011-ல் பின்பலகையை மாற்றியது நான் என்று என் கையெழுத்திலும் ஒரு வரி இருக்கிறது. எனக்குப் பிறகு அது யார் வீட்டுக்குப் போனாலும், அந்தக் கதவைத் திறக்கிறவர் எங்கள் இரண்டு பேரையும் படிப்பார்.