ஆளில்லாக் கடையும் ஆண்டவன் உண்டியலும்

கடை இருக்கின்றது, கடைக்காரன் இல்லை. சாமான் இருக்கின்றது, அதன் மேல் விலை எழுதி ஒட்டியிருக்கின்றது. பக்கத்தில் காசு போட ஒரு டப்பா இருக்கின்றது. வேண்டியவர்கள் வேண்டியதை எடுத்துக் கொண்டு, உரிய பணத்தைப் போட்டுவிட்டு, மீதிச் சில்லறையையும் தாமே எண்ணி எடுத்துக் கொண்டு போக வேண்டியது. இப்படிப்பட்ட கடை நமது நாட்டில் நடக்குமா என்று கேட்டால் பெரும்பாலோர் சிரிக்கவே செய்வார்கள். காரணம் என்னவென்று விசாரித்தாலோ இரண்டு விதமான பதில் கிடைக்கும். வைதீகர்கள், "ஜனங்களுக்குக் கடவுள் பயம் போய்விட்டது, ஆகையால் நாணயமும் போய்விட்டது" என்பார்கள். வைதீகம் பேசாத பெரிய மனிதர்களோ, "எல்லாம் பிறவிக் குணம், இன்ன ஜாதியானை நம்பலாம், இன்ன ஜாதியானை நம்பக் கூடாது" என்பார்கள். இவ்விரண்டும் பொய் என்பதையும், இரண்டு பொய்யும் ஒரே மூட்டையிலிருந்து வந்தவை என்பதையும் எடுத்துக் காட்டவே இதை எழுதுகின்றோம்.

முதலாவது, நடக்குமா என்கின்ற சந்தேகத்தைத் தீர்த்துக் கொள்ளுவோம். தஞ்சை ஜில்லா பாபநாசம் பஸ் நிலையத்தில், அவ்வூர் ரோட்டரி சங்கத்தார் பல ஆண்டுகளாக, காந்தியார் பிறந்த நாளாகிய அக்டோபர் 2-ந் தேதியில் ஆளில்லாக் கடை வைத்து வருகின்றார்கள். பஸ் ஏற வருகின்ற, ஒருவரை ஒருவர் அறியாத ஜனங்களே அதில் தின்பண்டமும் மற்றச் சாமான்களும் எடுத்துக் கொண்டு காசு போட்டுவிட்டுப் போகின்றார்கள். மலையாளத்தில் கண்ணூர் ஜில்லா வன்குளத்துவயலில், உடல் ஊனமுற்ற தோழர்கள் செய்த பொருள்களை விற்பதற்காக 2019-ல் இத்தகைய கடை ஒன்று திறக்கப்பட்டது. பெங்களூரில் இட்டலி, தோசை மாவு விற்கும் ஐடி பிரெஷ் என்னும் கம்பெனியார், அடுக்குமாடிக் குடியிருப்புகளில் மாவும் பரோட்டாவும் வைத்த குளிர்ப்பெட்டியையும் ஒரு பணப்பெட்டியையும் மாத்திரம் வைத்து, விற்பனையாள் இல்லாமலே வியாபாரம் செய்து பார்த்தார்கள். அதன் முதலாளி முஸ்தபா வயநாட்டில் ஒரு கூலிக்காரரின் மகனாகப் பிறந்தவர் என்பதும் கவனிக்கத்தக்கது.

இவற்றையெல்லாம்விட மேலானது மிசோரம் மலை நாட்டுச் சங்கதி. ஐசால் பட்டணத்திலிருந்து போகும் பெரிய ரஸ்தாவில் செலிங் என்னும் ஊர்ப் பக்கம் சாலை ஓரங்களில் மூங்கில் குடிசைகள் வரிசையாக இருக்கின்றன. அவற்றில் காய்கறி, பழம், பழச்சாறு, கருவாடு முதலியவை வைக்கப்பட்டிருக்கும். ஒரு பலகையில் விலை எழுதித் தொங்கும். பணம் போட ஒரு டப்பா இருக்கும். இதற்கு அந்தப் பாஷையில் "ங்ஹா லோ தோர்", அதாவது காவலில்லாத கடை என்று பெயர். அந்த விவசாயி ஏன் கடையில் உட்காருவதில்லை? உட்கார்ந்தால் மலைச் சரிவிலுள்ள அவனது சிறு காட்டைக் கொத்த ஆள் இல்லை. கூலிக்கு ஆள் வைத்தால் விற்ற பணம் கூலிக்கே சரியாகப் போய்விடும். ஆகவே வழிப்போக்கனை நம்புவதே அவனுக்கு லாபம். அந்த வழக்கம் கெட்டுப் போனால் தனக்கும் தன் ஊருக்கும் நஷ்டம் என்பது வாங்குகின்றவனுக்கும் தெரிந்திருக்கின்றது. ஒருவன் பிழைப்பு மற்றவன் நாணயத்தில் இருக்கின்றது என்கின்ற அறிவே அங்கே காவற்காரன்.

"மிசோரம்காரர்கள் கிறிஸ்தவர்கள், கடவுளுக்குப் பயந்தவர்கள், அதனால்தான் அங்கே நடக்கின்றது" என்று சிலர் சொல்லக் கூடும். அப்படியானால் ஜப்பான் நாட்டைப் பார்க்கட்டும். அங்கே கிராமத்து வீதிகளில் ஆளில்லாத காய்கறித் தட்டிகள் வெகு காலமாக இருந்து வருகின்றன. அந்நாட்டு ஜனங்களில் பெரும்பாலோரோ, கேட்டால் தமக்கு மதம் ஒன்றும் இல்லை என்றே சொல்லுகின்றவர்கள். அங்கும் திருட்டு நடப்பதுண்டு. சில இடங்களில் காமிராவும் வந்துவிட்டது. ஆனால் கடவுள் பயமில்லாத காரணத்தால் அந்த வழக்கம் அழிந்துவிடவில்லை.

நிற்க, கடவுள் பயத்தின் யோக்கியதையை நம் நாட்டிலேயே பார்ப்போம். கோவிலுக்குப் போகின்றவர்கள் எல்லோரும் பக்தர்கள்தானே? சாமிக்கு முன்னால்தானே உண்டியல் இருக்கின்றது? அந்த உண்டியலுக்கு இரும்புப் பெட்டி ஏன்? பூட்டு ஏன்? பூட்டின் மேல் முத்திரை ஏன்? இப்போது காமிரா ஏன்? எங்கும் நிறைந்து எல்லாவற்றையும் பார்க்கின்ற கண் ஒன்று இருப்பதாகச் சொல்லுகின்றவர்களே, அந்தக் கண்ணை நம்பாமல் கடையில் வாங்கிய கண்ணாடிக் கண்ணை அல்லவா மாட்டி வைத்திருக்கின்றார்கள்! அரியலூர் ஜில்லா ஸ்ரீபுரந்தான் கோவில் நடராஜர் களவு போய்க் கடல் கடந்து, ஆஸ்திரேலியா தேசத்துக் கலைக்கூடத்தில் நின்று, சர்க்காரும் போலீசும் முயன்ற பிறகு 2014-ல் திரும்பி வந்த கதை உலகறிந்தது. தன்னையே காத்துக் கொள்ள முடியாத சாமி, நாலு வாழைப்பழத்தையும் ஒரு தட்டு வடையையுமா காத்துக் கொடுக்கப் போகின்றது?

மகாராஷ்டிரத்தில் சனி சிங்கணாப்பூர் என்று ஓர் ஊர் இருக்கின்றது. சனீஸ்வரன் காவல் இருப்பதால் அங்கே வீடுகளுக்குக் கதவே கிடையாது என்று பெருமை பேசுவார்கள். 2011-ல் ஒரு பாங்கியும் பூட்டில்லாத கிளை என்று விளம்பரம் செய்து அங்கே திறக்கப்பட்டது. ஆனால் அதற்கு முந்தின ஆண்டே, வந்த யாத்திரிகர் ஒருவரின் சாமான் களவு போனதாகப் புகார் எழுந்தது; 2015-ல் அவ்வூருக்கென்றே போலீஸ் நிலையமும் வந்து சேர்ந்தது. இதில் நாம் முக்கியமாய்க் கவனிப்பது மற்றொன்று. வீட்டுக் கதவைத் திறந்து போட்ட அந்த ஊர், சனீஸ்வரன் மேடையைப் பெண்களுக்கு மாத்திரம் மூடி வைத்திருந்தது. 2016-ல் கிளர்ச்சியும் கோர்ட்டுத் தீர்ப்பும் வந்த பிறகே பெண்கள் அதில் ஏற முடிந்தது. திருடனை நம்பிய ஊர் தாயையும் தங்கையையும் நம்பவில்லை என்றால், அதற்கு நம்பிக்கை என்று பெயர் கொடுக்கலாமா என்று கேட்கின்றோம்.

இனி நமது மதுரைச் சீமைக்கு வருவோம். மேலூர் வட்டத்துத் திருவாதவூரை அறியாதவர் இல்லை. மாணிக்கவாசகர் பிறந்த ஊர் என்று அதற்குப் பெருமை. திருவிளையாடற் புராணக்காரர் சொல்லும் கதை என்ன? பாண்டியன் தன் மந்திரியாகிய வாதவூரரை நம்பிக் குதிரை வாங்கப் பொக்கிஷத்துப் பொன்னைக் கொடுத்தான். அவர் அதைப் பெருந்துறையில் கோவில் திருப்பணியில் செலவழித்துவிட்டார். கணக்குக் கேட்டபோது, கடவுள் வந்து நரிகளைக் குதிரைகளாக்கி ஒப்பித்தார். இராத்திரியில் அவை மறுபடி நரிகளாகிப் பழைய குதிரைகளையும் கடித்துவிட்டு ஓடின. பிறகு வைகையில் வெள்ளம் வந்தது, அதே கடவுள் கூலியாளாக வந்து, பிட்டு விற்கும் வந்திக் கிழவியிடம் உதிர்ந்த பிட்டை வாங்கித் தின்றுவிட்டு, மண் சுமக்காமல் விளையாடித் தூங்கினார், அடியும் பட்டார். இதற்கு ஆவணி மாதந்தோறும் மதுரையில் திருவிழாவும் நடக்கின்றது.

கதை நடந்ததா இல்லையா என்கின்ற ஆராய்ச்சியை ஒரு பக்கம் வைத்துவிடுவோம். அது கற்பிக்கின்ற ஒழுக்கம் என்ன என்பதே நமது கேள்வி. பொதுப் பணத்தை ஒரு காரியத்துக்கு வாங்கி வேறு காரியத்துக்குச் செலவு செய்யலாம். அது பக்திக் காரியமாயிருந்தால் போதும். பொய்ச் சரக்கை மெய்ச் சரக்கென்று ஒப்பிக்கலாம். ஒப்பிப்பவர் கடவுளாயிருந்தால் போதும். கூலியை முன்னதாகத் தின்றுவிட்டு வேலை செய்யாதிருக்கலாம். அதற்குத் திருவிளையாடல் என்று பெயர் வைத்தால் போதும். இன்று ஒரு பஞ்சாயத்துக் குமாஸ்தா குளம் வெட்டக் கொடுத்த பணத்தில் கோவில் கட்டிவிட்டு வந்து நின்றால், அவரை நாம் அடியார் என்போமா, கையாடல்காரர் என்போமா? பிள்ளைகளுக்கு இந்தக் கதையைச் சொல்லி வளர்த்துவிட்டு, ஜனங்களுக்கு நாணயமில்லை என்று அழுவதில் பிரயோஜனம் என்ன?

அதே திருவாதவூர்தான் கபிலர் பிறந்த ஊர் என்றும் சொல்லுகின்றார்கள். பாரி இறந்த பிறகு, கேட்பதற்கு ஆளில்லாத காலத்தில், அவன் பெண்களைத் தம் பொறுப்பாக ஏற்று அரசர் வாசல்தோறும் சென்று மணம் பேசியவர் அவர். கணக்குக் கேட்க ஆளில்லாதபோதும் கணக்கைத் தீர்ப்பதுதான் நாணயம் என்பது. அவர் பார்ப்பனராய்ப் பிறந்தவராயிற்றே என்று நம்மைக் கேட்பவர்களுக்கு நாம் சொல்லுவதாவது: நாம் பார்ப்பது நடத்தையையே அன்றிப் பிறப்பை அல்ல. திருவாதவூர்த் தோழர்கள் தங்கள் ஊரின் இரு பெயர்களில் எதைப் பின்பற்றுவது என்று அவர்களே தீர்மானித்துக் கொள்ளட்டும்.

அன்றியும், கடவுள் பயத்தின் விலை என்னவென்று விஞ்ஞானிகளே அளந்து பார்த்திருக்கின்றார்கள். இங்கிலாந்தில் நியூகாசில் சர்வகலாசாலையில் ஓர் அறையில் காப்பி, தேயிலை, பால் வைத்து, குடிப்பவர்கள் தாமே காசு போடும் பெட்டி ஒன்றும் வைத்திருந்தார்கள். விலை அட்டையின் மேல் ஒரு வாரம் பூவின் படமும், மறு வாரம் மனிதக் கண்களின் படமும் மாற்றி மாற்றி ஒட்டினார்கள். கண்களின் படம் இருந்த வாரங்களில் ஏறக்குறைய மூன்று பங்கு பணம் விழுந்ததாக 2006-ல் வெளியிட்டார்கள். பின்னர் மற்றவர்கள் செய்த சோதனைகளில் எல்லா இடத்திலும் இப்படியே கிடைக்கவில்லை என்பதையும் சேர்த்தே சொல்லுகின்றோம். எப்படியாயினும், பயம்தான் வேண்டுமென்றால் அதற்கு ஒரு காகிதக் கண் போதும் என்று ஆகின்றதே. கோபுரமும் குருக்களும் தங்கத் தேரும் எதற்கு?

அமெரிக்காவில் வாஷிங்டன் பக்கம் பால் பெல்டுமன் என்பவர் 1984 முதல் ஆபீசுகளில் வளைய ரொட்டிகளையும் ஒரு காசுப் பெட்டியையும் வைத்துவிட்டுப் போய், பிறகு வந்து கணக்குப் பார்த்து, அந்தக் கணக்கை ஆண்டுக்கணக்காக எழுதி வைத்தார். காவல் ஒன்றுமில்லாமலே நூற்றுக்கு எண்பத்தேழு பங்குக்குக் குறையாமல் பணம் வந்தது. அவர் அனுபவத்தில் கண்டவை இரண்டு. ஒன்று, பெரிய உத்தியோகஸ்தர்கள் இருந்த மாடியைவிடச் சிறிய உத்தியோகஸ்தர்கள் இருந்த மாடிகளே ஒழுங்காய்ப் பணம் கொடுத்தன. மற்றொன்று, கிறிஸ்துமஸ் பண்டிகை வாரத்தில் வசூல் குறைந்தது. பதவி வந்தால் நாணயம் வரும், பக்தி வந்தால் ஒழுக்கம் வரும் என்பவர்கள் இதற்கு என்ன சமாதானம் சொல்லுவார்கள்?

இனி இரண்டாவது பொய்யாகிய பிறவிக் குணத்தைப் பார்ப்போம். இதன் கொடுமையை மதுரைச் சீமை அனுபவித்ததுபோல் வேறு எந்தச் சீமையும் அனுபவித்திருக்காது. 1871-ல் வெள்ளைக்கார சர்க்கார் குற்றப் பரம்பரைச் சட்டம் என்று ஒன்றைச் செய்து, 1911-ல் அதைச் சென்னை மாகாணத்திற்கும் கொண்டு வந்தார்கள். ஒருவன் திருடினானா என்று விசாரிக்காமல், இன்ன ஜாதியில் பிறந்தவன் என்பதற்காகவே அவன் கைரேகையை எடுத்து, இரவில் போலீஸ் நிலையத்தில் வந்து படுக்கச் சொன்னார்கள். உசிலம்பட்டிப் பக்கத்துப் பெருங்காமநல்லூரில் அதை எதிர்த்த ஜனங்களின் மேல் 1920 ஏப்ரல் 3-ந் தேதி துப்பாக்கிப் பிரயோகம் செய்து, மாயக்காள் என்னும் பெண் உட்பட 16 பேரைக் கொன்றார்கள். சென்னை மாகாணத்தில் அந்தச் சட்டம் 1947-ல்தான் ஒழிந்தது. பிறக்கும்போதே ஒரு கூட்டத்தைத் திருடனென்றும், மற்றொரு கூட்டத்தைத் தீட்டென்றும், இன்னொரு கூட்டத்தைப் பூதேவனென்றும் முத்திரை போடுகின்ற மனுதர்மப் புத்திக்கும் அந்தச் சட்டத்திற்கும் என்ன வித்தியாசம்? அந்தச் சட்டத்தால் அடிபட்டவர்களும் இதை மறக்கலாகாது. தம்மைப் பிறவிக் குற்றவாளி என்றபோது துடித்தவர்கள், பக்கத்துச் சேரியானைப் பிறவித் தீண்டாதவன் என்று சொல்லத் துணியலாமா?

ஆளில்லாத சாப்பாட்டுக் கடையில் நமக்கு உள்ள அக்கறை இதனால்தான் பெரிதாகின்றது. நம் நாட்டில் சோற்றுக்கும் தண்ணீருக்கும் காசு மாத்திரம் கொடுத்தால் போதவில்லை; ஜாதியும் சொல்ல வேண்டியிருந்தது. ரயில்வே ஸ்டேஷன்களில் பார்ப்பனருக்கு வேறு இடம், மற்றவர்களுக்கு வேறு இடம் என்றிருந்த பலகை, பெரியார் அவர்களின் கிளர்ச்சியின் பிறகு 1941-ல்தான் இறங்கியது. கடைகளிலும் ஓட்டல்களிலும் ஜாதி காரணமாக யாரையும் தடுக்கக் கூடாது என்று அரசியல் சட்டத்தின் 15-வது பிரிவு சொல்லுகின்றது. தீண்டாமையை 17-வது பிரிவு ஒழித்துவிட்டது. இருந்தும் தேநீர்க் கடைகளில் ஒரு சாராருக்கு வேறு குவளை என்கின்ற செய்தி இன்னும் வந்து கொண்டுதான் இருக்கின்றது. கடைக்காரன் இல்லாத கடையிலோ உயரத் தூக்கி ஊற்றுகின்ற கை இல்லை, "நீ யார் வீட்டுப் பிள்ளை?" என்று கேட்கின்ற வாய் இல்லை. எல்லோருக்கும் ஒரே குவளை, ஒரே விலை, ஒரே டப்பா.

ஆனால் ஒன்றை எச்சரிக்க வேண்டியிருக்கின்றது. ஆளில்லாக் கடைகளெல்லாம் நம்பிக்கைக் கடைகள் அல்ல. அமெரிக்காவில் சியாட்டில் பட்டணத்தில் அமேசான் கம்பெனியார் 2018-ல் பணம் வாங்கும் ஆள் இல்லாத கடையைத் திறந்தபோது, முகட்டில் நிறையக் காமிராக்களை வைத்து, எடுப்பவர்களின் கையையே கணக்கெடுத்தார்கள். அதில் ஆளைக் குறைத்த லாபம் முதலாளிக்கு. வேலை போன நஷ்டம் தொழிலாளிக்கு. ஆளை நீக்கிவிட்டுச் சந்தேகத்தை வைத்துக் கொண்ட கடை அது. நாம் விரும்புவது உழைப்பாளியின் நேரத்தை மிச்சப்படுத்துகின்ற கடையே ஒழிய, உழைப்பாளியை வீதியில் நிறுத்துகின்ற கடை அல்ல.

ஆகவே திருவாதவூரிலும், மேலூரிலும், சுற்றுக் கிராமங்களிலும் உள்ள நமது வாலிபத் தோழர்கள் இதை ஒரு பரீட்சையாக நடத்திப் பார்க்க வேண்டுமாய்க் கேட்டுக் கொள்ளுகின்றோம். பெரிய முதல் வேண்டாம். வேலைக்குப் போகும் பெண் மக்கள் விடியற்காலையில் வைத்துவிட்டுப் போகக்கூடிய பிட்டு, சுண்டல், அவித்த கடலை, பனங்கிழங்கு, ஒரு பானை மோர், இவை போதும். சில்லறைத் தகராறு இல்லாதபடி 5, 10, 20 ரூபாயாக விலை வையுங்கள். கைப்பேசியில் பணம் போடுகின்றவர்களுக்குக் கியூ.ஆர். அட்டை ஒன்று தொங்கட்டும். டப்பாவை நாள்தோறும் இருட்டுவதற்கு முன் காலி செய்யுங்கள். நிறையப் பணத்தை வெளியில் வைத்துவிட்டு மனிதனைச் சோதிப்பது நம்பிக்கையாகாது. எல்லாவற்றிற்கும் மேலாக, இன்று இவ்வளவு சரக்கு வைத்தோம், இவ்வளவு வர வேண்டும், இவ்வளவு வந்தது என்று ஒரு கரும்பலகையில் யாவரும் பார்க்க எழுதுங்கள். பணம் குறைந்தால் குறைந்தது என்றே எழுதுங்கள். இன்ன தெருவார் எடுத்திருப்பார்கள் என்று மாத்திரம் ஒருவரும் வாய் திறக்கக் கூடாது. பசித்தவன் காசில்லாமல் எடுத்திருந்தால், அவனைத் திருடன் என்பதற்கு முன், அவனுக்கு ஏன் காசில்லை என்று ஊரார் யோசிக்கட்டும்.

யாரும் பார்க்காத இடத்தில் ஒருவன் பத்து ரூபாயை டப்பாவில் போடும்போது, நரகத்துக்குப் பயந்தும் போடவில்லை. சொர்க்கத்துக்கு ஆசைப்பட்டும் போடவில்லை. பிட்டு அவித்தவளின் உழைப்பை மதித்தும், தன்னையே தான் மதித்தும் போடுகின்றான். சுயமரியாதை என்று நாம் இத்தனை காலமாய்ச் சொல்லி வருவது இதைத்தான். பூட்டிய உண்டியலுக்கு முன்னால் கன்னத்தில் போட்டுக் கொள்ளுகின்ற பக்தியைவிட, பூட்டாத டப்பாவில் சரியான காசைப் போடுகின்ற நாணயம் மேலானது என்பதே நமது அபிப்பிராயம்.