பழைய கணினியும் படியெடுக்கும் அறமும்

(வற்றாப்பளையைச் சேர்ந்த பயிற்றப்பட்ட தமிழாசிரியர் ஒருவர்)

கல்லூரி விழா மலரில் தமிழாசிரியன் ஒருவன் எழுதப் புகுந்தால், இலக்கியத்தைப் பற்றியோ சமயநெறியைப் பற்றியோ எழுதுவான் என எதிர்பார்ப்பதே உலக வழக்கு. யானோ பழுதுற்ற மக்கின்டோஷ் கணினியைப் பற்றி எழுத முன்வந்துள்ளேன். தமிழாசிரியனுக்கும் இந்த யந்திரத்துக்கும் என்ன உறவு என்று மூத்த பழைய மாணவர் சிலர் புருவம் நெரித்தல் கூடும். உறவு உண்டு என்பதையும், அவ்வுறவை நாம் மறந்தமையாற் பெரியதோர் இழப்பு நம் வாயிலில் வந்து நிற்கின்றது என்பதையும் காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஏட்டுச் சுவடியின் ஆயுள் அளவுட்பட்டது. வெப்பமும் ஈரமும் செல்லும் அதனை அரித்துவிடும். ஆதலின் ஒரு தலைமுறை எழுதியதை அடுத்த தலைமுறை புதிய ஓலையிற் பெயர்த்து எழுதியது. அவ்வாறு எழுதுவார் இல்லாதபோது நூல்கள் மறைந்தன. சிறுப்பிட்டி தந்த சி. வை. தாமோதரம்பிள்ளை 1887ஆம் ஆண்டிற் கலித்தொகையை அச்சேற்றியபோது, தொட்டால் ஒடியும் ஏடுகளின் இரங்கத்தக்க நிலையை அதன் பதிப்புரையில் எடுத்துரைத்தார். உ. வே. சாமிநாதையர் சுவடி தேடி ஊரூராக அலைந்த காலத்தில், ஆடிப்பெருக்கின்போது பழைய ஏடுகளை ஆற்றில் விடும் வழக்கத்தைக் கேள்வியுற்று வருந்தினார். ஏட்டை ஆற்றில் விட்டோர் தமிழுக்குப் பகைவரல்லர். வீட்டைத் துப்புரவு செய்கின்றோம் என்றே அவர்கள் எண்ணினர். அவர்கள் பிழைத்தது ஒன்றிலேதான்: படியெடுத்தல் முன், கைவிடுதல் பின் என்னும் முறைமையை அவர்கள் கைக்கொள்ளவில்லை.

நிற்க. இன்று நம் பாடசாலைகளுக்கும் மன்றங்களுக்கும் அச்சகங்களுக்கும் கடல்கடந்து வாழும் பழைய மாணவர் அன்போடு அனுப்பிய கணினிகள் பல உள. அவற்றுள் அப்பிள் நிறுவனத்தின் பழைய ஐமக், மக்புக் வகைகளும் அடங்கும். பத்து, பதினைந்து ஆண்டுகள் உழைத்த அத்தகைய கணினியொன்று ஒருநாள் விழித்தெழ மறுக்கும். திரையில் ஒரு கோப்புறையின் உருவமும் அதன்மேல் மின்னி மறையும் கேள்விக்குறியும் தோன்றும். திருத்துவோர் வந்து நோக்கி, “எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாகப் போட்டுத் தருகிறேன்” என்பார். அதிபரும் ஆசிரியரும் மகிழ்ந்து தலையசைப்பர். அந்த ‘எல்லாவற்றையும்’ என்ற சொல்லிலேதான் நாம் சற்று நின்று சிந்தித்தல் வேண்டும். அதனுள் முந்திய விழா மலரின் பக்கங்களும், பரிசளிப்பு விழாப் படங்களும், ஓய்வுபெற்ற ஆசிரியர் தட்டெழுதிய ஊர்வரலாறும், அம்மன் கோவிற் சிலம்பு கூறலின் ஒலிப்பதிவும் கிடத்தல் கூடும்.

அந்தக் கேள்விக்குறியின் பொருளைப் பலர் அறியார். தன்னை இயக்கும் பணிசெயல் முறைமை எங்குள்ளது என்று கணினிக்குத் தெரியவில்லை என்பதே அதன் பொருள். உள்ளிருந்த செல்வம் அழிந்தது என்பதன்று. பூட்டின் திறவுகோல் தொலைந்தால் வீட்டை இடித்துவிடுவார் உளரோ?

இன்னும் ஒன்று அறியத்தக்கது. பணிசெயல் முறைமையை மீள நிறுவுதல் வேறு. வன்தட்டை அழித்தல் வேறு. 2011ஆம் ஆண்டு வெளிவந்த லயன் பதிப்பு முதலாக, மக் கணினியின் வன்தட்டிலேயே மீட்புக்கென ஒரு சிறு பகுதி ஒதுக்கப்பட்டுள்ளது. இன்டெல் மக் கணினியை இயக்கும்போது கொமாண்ட், ஆர் என்னும் இரு விசைகளையும் சேர்த்து அழுத்திக்கொண்டிருந்தால் அப்பகுதி திறக்கும். அங்கே மீள நிறுவுதல் ஒரு தெரிவாகவும், அழித்தலுக்குரிய டிஸ்க் யூட்டிலிட்டி வேறொரு தெரிவாகவும் இருத்தல் காணலாம். அழிக்காமல் மீள நிறுவினால், பயனாளரின் கோப்புகள் பொதுவாக இருந்த இடத்திலேயே இருக்கும். அதற்கு முந்திய கணினிகளுக்கு அவற்றோடு வந்த நிறுவல் இறுவட்டு வேண்டும். அந்த இறுவட்டைப் பெட்டியோடு குப்பையில் எறிந்த பாடசாலைகள் எத்தனையோ!

ஆயினும் மீள நிறுவுதலும் முதற்செயல் ஆகாது. முதற்செயல் படியெடுத்தலே. பழைய மக் கணினி பலவற்றை, இயக்கும்போது ‘ரி’ என்னும் விசையை அழுத்திப் பிடித்து, உரிய வடத்தால் வேறொரு மக் கணினியோடு இணைத்தால், அது வெறும் வன்தட்டைப் போல மற்றதன் திரையிற் காட்சிதரும். அப்போது கோப்புகளைப் பெயர்த்துக்கொள்ளலாம். வன்தட்டு ‘டக், டக்’ என்று ஒலித்தால் அது இறுதி மூச்சு வாங்குகின்றது எனக் கொள்க. அந்நிலையிற் செப்பஞ்செய்யும் முயற்சிகளை அதன்மேல் நடத்துதல் நோயாளியை ஓட்டப்பந்தயத்துக்கு அனுப்புதல் போலாகும். அதனைக் கழற்றி வேறொரு கணினியில் இணைத்து, ஜிஎன்யூ டிடிரெஸ்கியூ போன்ற இலவச மென்பொருளால் முழுத் தட்டையும் படியெடுத்தல் வேண்டும். அம்மென்பொருள் நல்ல பகுதிகளை முதலில் வாசித்துச் சேமித்தபின்பே பழுதுற்ற பகுதிகளுக்கு மீளும். செல்லரித்த சுவடியில் தெளிவான வரிகளை முதலில் எழுதிக்கொண்டு, சிதைந்த வரிகளுக்குப் பின்னர் வரும் நல்ல பதிப்பாசிரியனின் முறையும் இதுவேயன்றோ?

பிழைத்தால் திருத்தலாம் என்னும் துணிவும் இக்காலத்துக்குப் பொருந்தாது. சுழலும் பழைய வன்தட்டில் விரைவாக அழிக்கப்பட்டவற்றைச் சிலவேளை மீட்கலாம். திண்ம நிலைத் தட்டில் அழித்தவை பெரும்பாலும் மீளா. 2018க்குப் பின் வந்த மக் கணினிகள் பலவற்றிலோ, சேமிப்பகம் மறைகுறியாக்கப்பட்டு அக்கணினியின் சில்லோடே பிணைக்கப்பட்டுள்ளது. அதனைக் கழற்றி வேறிடத்தில் வாசித்தல் இயலாது.

இனி, எந்தப் பதிப்பை மீள நிறுவுவது என்னும் வினா எழுகின்றது. புதியதே நல்லது என்பது பொதுமக்கள் கருத்து. யான் அதனை முழுதும் ஏலேன். ஒவ்வொரு கணினிக்கும் ஓர் எல்லை உண்டு. 2007ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் வந்த ஐமக், 2015இல் வெளிவந்த எல் கப்பிட்டானோடு நின்றுவிடும். 2009ஆம் ஆண்டின் பிற்பகுதியில் வந்தது, 2017இல் வெளிவந்த ஹை சியராவரை செல்லும். தட்டை ஒழுங்குபடுத்தும் முறையும் பதிப்புக்கேற்ப வேறுபடும். ஹை சியராவோடு வந்த ஏபிஎப்எஸ் என்னும் கோப்பு முறைமையை எல் கப்பிட்டான் அறியாது. அதற்குப் பழைய ‘மக் ஓஎஸ் எக்ஸ்டென்டட்’ முறையே உரியது.

இவற்றினும் முதன்மையான காரணம் பிறிதொன்று. பழைய கோப்பைத் திறக்கப் பழைய மென்பொருள் வேண்டும். பழைய மென்பொருள் இயங்கப் பழைய பணிசெயல் முறைமை வேண்டும். ஒரு காலத்தில் தமிழ் அச்சகங்களிற் பரவலாக வழங்கிய பேஜ்மேக்கரின் இறுதிப் பதிப்பு 2001இல் வந்தது. அது மக் ஓஎஸ் 9 என்னும் பழைய முறைமைக்கு உரியது. 2006இல் வந்த இன்டெல் மக் கணினிகளில் அது நேரே இயங்காது. 2019இல் வந்த கற்றலினா பதிப்பு, 32 பிற்று மென்பொருள் அனைத்தையும் ஒருங்கே ஒதுக்கிவிட்டது. கணினியைப் புதுப்பித்தோம் என்று மகிழும் அந்நாளிலேயே பழைய மலரின் பக்கங்கள் திறவாக் கதவுகள் ஆதல் இவ்வாறுதான்.

கடிகாரத்தையும் ஈண்டுக் கூறுதல் தகும். நெடுநாள் மின்னின்றிக் கிடந்த கணினியின் நாட்காட்டி பல்லாண்டு பின்னோக்கிச் சென்றுவிடும்; அப்போது அப்பிளின் சேவையகத்தோடு அது நம்பகமாகத் தொடர்புகொள்ள மாட்டாது, நிறுவலும் தடைப்படும். மறுதலையாக, முன்னர்த் தரவிறக்கி வைத்த பழைய நிறுவிகள் சிலவற்றின் சான்றிதழ் 2019 ஒக்டோபர் 24ஆம் நாள் காலாவதியாயிற்று. அவை பழுதுற்றவை என்று கணினி பொய்யுரைக்கும். முன்னதற்குத் திகதியைத் திருத்துதலும், பின்னதற்கு இணையத்தைத் துண்டித்துத் திகதியைப் பின்னோக்கி வைத்தலும் மருந்தாகும். இச்சிறு செய்தி அறியாமையாற் குப்பைமேடு சேர்ந்த நல்ல கணினிகள் பல.

இனித் தமிழாசிரியனின் பங்குக்கு வருவோம். கோப்பு மீண்டுவிட்டது, திறந்தால் தமிழ் இல்லை, பொருளற்ற ஆங்கில எழுத்துகளின் சிதறலே காண்கின்றோம். நம் நாட்டிற் பெரிதும் வழங்கிய பாமினி முதலிய எழுத்துருக்கள், ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை அமர்த்தியவை. எழுத்துரு நீங்கினால் தமிழும் நீங்கும். மக் கணினியிற் யுனிகோட் தமிழுக்கு உரிய எழுத்துருவும் உள்ளீட்டு முறையும் 2005இல் வந்த டைகர் பதிப்போடு சேர்ந்தன. அதற்கு முன்னரும் அதன் பின் நெடுங்காலமும் எழுதப்பட்டவை பழைய எழுத்துருக்களிலேயே கிடக்கின்றன. ஆதலின் கோப்போடு எழுத்துருவையும் படியெடுத்தல் வேண்டும். பின்னர் யுனிகோட்டுக்கு மாற்றி, ஒற்றும் கொம்பும் பிறழாமற் சரிபார்த்தல் வேண்டும். யந்திரம் மாற்றித் தரும். பிழை திருத்துவது தமிழ் கற்றவன் கடமை. பாடபேதம் நோக்கும் பழைய தொழிலே இது.

இவ்வளவு முயற்சி எதற்கு என்று வினவுவோர் வன்னியைச் சற்று நினைத்தல் வேண்டும். எம் வற்றாப்பளை நந்திக்கடலின் அயலில் உள்ள ஊர். 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை முல்லைத்தீவுக் கரையைச் சூறையாடியது. 2009 மே மாதத்திற் போரின் இறுதி நாள்கள் அந்நந்திக்கடற் கரையிலேயே கழிந்தன. காணி உறுதியையும் பிறப்புச் சான்றிதழையும் பொலித்தீன் பையிற் சுற்றி நெஞ்சோடு அணைத்து நடந்த மக்கள் நாம். கட்டடத்தை மீளக் கட்டலாம். அழிந்த சம்பவத் திரட்டுப் புத்தகத்தையும் சேர்வு இடாப்பையும் எவராலும் மீளக் கட்ட முடியாது. 1981இல் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் சாம்பராயின. நெருப்பும் நீரும் குண்டும் கொண்டுசென்றவற்றுக்கு நாம் பொறுப்பல்லோம். ஒரு விசையை அழுத்தி நாமே அழித்துக்கொள்வதற்கு யார் பொறுப்பு?

“எல்லாவற்றையும் இணையத்தில் ஏற்றிவிட்டாற் போதாதோ?” என்பர் இளைஞர். இணையம் நல்ல துணை, தனித்துணை ஆகாது. ஆசிரியர் ஒருவரின் தனிப்பட்ட கணக்கில் ஏற்றியவை, அவர் இளைப்பாறியதும் கடவுச்சொல்லோடு மறையும். ஈராண்டுகள் பயன்படுத்தப்படாத தனியார் கணக்குகளை நீக்கும் விதியைக் கூகுள் நிறுவனமே 2023இல் அறிவித்தது. “காவல் நின்றுபோன பழைய முறைமை ஆபத்தன்றோ?” என்று வேறு சிலர் கேட்பர். அவ்வினா நியாயமானதே. ஆதலின் மீட்டெடுத்த பழைய கணினியை இணையத்தோடு இணையாது, பழைய கோப்புகளைத் திறப்பதற்கென்றே நூலகத்தின் ஒரு மூலையில் வைத்திருத்தல் நன்று.

ஆகவே பழைய மாணவர் சங்கத்தாருக்கும் கல்லூரி நிருவாகத்தாருக்கும் சில விண்ணப்பங்கள். கல்லூரிக் கணினி எதனையும், உள்ளிருப்பவை படியெடுக்கப்பட்டன என்று பொறுப்பாசிரியர் ஒருவர் கையொப்பமிடும்வரை எவரும் அழித்தல் கூடாது. அக்கையொப்பத்தை இடுவோர், எடுத்த படியைத் திறந்து வாசித்துப் பார்த்த பின்னரே இடுதல் வேண்டும். வாசித்துப் பாராத படி படியன்று. படிகள் மூன்றாகட்டும்: ஒன்று கல்லூரியில், ஒன்று வேறோர் ஊரில், ஒன்று இணையத்தில். 2005ஆம் ஆண்டு முதல் ஈழத்து நூல்களையும் இதழ்களையும் மலர்களையும் இணையவழி பேணிவரும் நூலகம் நிறுவனத்துக்கு நம் மலர்களை வழங்குதல் மூன்றாவதற்குச் சிறந்த வழியாகும். கணினி அனுப்பும் அன்பர்கள், அதற்கேற்ற நிறுவியைப் பென் ட்ரைவ் ஒன்றிற் பதித்து உடன் அனுப்புவார்களாக. இணைய வேகமும் மின்சாரமும் குன்றிய ஊர்களில் அதுவே பேருதவி. மாணவர் மன்றம் ஆண்டுக்கொரு நாளைப் படியெடுக்கும் நாளாகக் கொள்ளட்டும். மூத்தோர் கோப்பின் பொருளை விளக்க, இளையோர் அதனைப் பெயர்த்து வைக்கும் அந்நாள், இரு தலைமுறையும் ஒரு பலகையில் அமரும் நன்னாளாகவும் அமையும்.

இந்த மலரும் ஒரு கணினியிலேயே பக்கமாக்கப்படுகின்றது. நூற்றாண்டு விழாவுக்கு மலர் தொகுக்கும் நம் பேரப்பிள்ளைகள் இதன் பக்கங்களைத் தேடும்போது, கேள்விக்குறி மின்னும் திரையொன்று மட்டும் அவர்களுக்கு எஞ்சுதல் ஆகாது. நம் முன்னோர் பனையோலையிற் காத்த அறத்தை நாம் வன்தட்டிற் காப்போமாக. கல்லூரி அன்னை நீடு வாழ்க.