குடலுக்கும் ஓர் அல்ட்ராசவுண்ட்: நல்வாழ்வுத் துறை அமைச்சருக்குத் திறந்த மடல்

மாண்புமிகு மருத்துவம் மற்றும் மக்கள் நல்வாழ்வுத் துறை அமைச்சர் அவர்களுக்கு,

என் மகளுக்குக் குரோன்ஸ் என்ற குடல் நோய், கல்லூரியில் படிக்கிறாள். உங்களிடம் முக்கியமாகக் கேட்க வந்தது ஒன்று. அரசு மருத்துவக் கல்லூரிகளில், குடல் மருத்துவர் உட்காரும் புறநோயாளிப் பிரிவிலேயே குடலுக்கான அல்ட்ராசவுண்ட் எடுக்க வழி செய்யுங்கள்.

கோலனாஸ்கோப்பி இருக்கிறதே என்பார்கள். அந்தக் குழாய் பெருங்குடலையும் சிறுகுடலின் கடைசிச் சில அங்குலத்தையும்தான் காட்டும். சிறுகுடல் ஏறக்குறைய 6 மீட்டர். குரோன்ஸோ வாய் முதல் ஆசனவாய் வரை எங்கு வேண்டுமானாலும் வரும்; உட்தோலோடு நிற்காமல் குடல் சுவர் முழுவதையும் அரிக்கும். சுவர் எவ்வளவு தடித்திருக்கிறது, எங்கே சுருங்கியிருக்கிறது, வெளியே சீழ் கட்டியிருக்கிறதா என்பதற்கெல்லாம் ஸ்கேன்தான் கதி.

நம் ஊரில் இன்னொரு சிக்கலும் உண்டு. குடல் டி.பி.யும் குரோன்ஸும் பெரும்பாலும் சிறுகுடலும் பெருங்குடலும் சேரும் அதே மூலையில் வந்து உட்காரும். டி.பி. என்று தெரியாமல் எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்தைக் கொடுத்தால் ஆபத்து. அதனால் சந்தேகம் தீராதவர்களுக்கு மாதக்கணக்கில் டி.பி. மாத்திரை கொடுத்துப் பார்க்கிறார்கள். சி.டி. படத்தில் நடுப்பகுதி செத்துப்போன நிணநீர் முடிச்சுகள் தெரிந்தால் மருத்துவரின் மனம் டி.பி. பக்கம் சாயும், குடல் நீளமாகத் தடித்து, ரத்தக்குழாய்கள் சீப்புப் பல்லாக வரிசைகட்டி நின்றால் குரோன்ஸ் பக்கம். அந்த முதல் சி.டி.யை நான் குறை சொல்லவில்லை. குடல் அடைத்துக்கொண்டு நள்ளிரவில் ஓடும்போதும் சி.டி.தான் வேண்டும்.

என் கவலை அதற்குப் பிறகு வரும் சி.டி.க்களைப் பற்றியது. இளவயதில் தொடங்கி ஆயுள் முழுக்கக் கூட வரும் நோய் இது. மருந்து வேலை செய்கிறதா என்று பார்க்கவே மறுபடி மறுபடி படம் தேவைப்படும். வயிற்றுக்கு ஒரு சி.டி. எடுத்தால் உடம்பில் ஏறுவது சுமார் 10 மில்லிசீவர்ட். மண்ணிலிருந்தும் வானிலிருந்தும் ஒரு மனிதருக்கு ஓராண்டில் வந்து சேரும் கதிர்வீச்சு உலகச் சராசரியில் 2.4தான். எம்.ஆர்.ஐ.யில் கதிர்வீச்சு இல்லை, படமும் அருமை. ஆனால் ஒரு லிட்டருக்கு மேல் மானிட்டால் தண்ணீரைக் குடித்துவிட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு படுக்க வேண்டும். அதற்கு முன்னால் வரிசை.

பிரிட்டனில் 8 மருத்துவமனைகளில் 284 பேருக்கு எம்.ஆர்.ஐ., அல்ட்ராசவுண்ட் இரண்டையும் எடுத்து ஒப்பிட்ட ஆய்வு 2018-இல் வெளியானது. சிறுகுடலில் நோய் உண்டா என்று கண்டுபிடிப்பதில் எம்.ஆர்.ஐ. 97 சதவீதம், அல்ட்ராசவுண்ட் 92 சதவீதம். நோய் எதுவரை பரவியிருக்கிறது என்று அளப்பதில் இடைவெளி கூடுகிறது, 80-க்கு 70. ஆசனவாய்ப் பக்கப் புரைகளுக்கும் எம்.ஆர்.ஐ.தான் முதல் தேர்வு. ஆனாலும் சில மாதங்களுக்கு ஒருமுறை பார்த்து ஒப்பிட அல்ட்ராசவுண்ட் போதும். ஐரோப்பாவில் பல இடங்களில் குடல் மருத்துவரே, நோயாளி எதிரில் படுத்திருக்கும்போதே, வயிற்றில் கருவியை வைத்துப் பார்த்து மருந்தை முடிவு செய்கிறார்.

இங்கே அது ஏன் நடப்பதில்லை என்று உங்களுக்குத் தெரியும். கருவில் பாலினம் பார்ப்பதைத் தடுக்கும் 1994-ஆம் ஆண்டுச் சட்டப்படி, பதிவு பெற்ற இடத்தில், தகுதி பெற்றவர் மட்டுமே அல்ட்ராசவுண்ட் கருவியைத் தொடலாம். பெண்ணைப் பெற்றவன் நான். அந்தச் சட்டத்தைத் தளர்த்தச் சொல்ல எனக்கு வாய் வராது. சட்டத்துக்குள்ளேயே இடமிருக்கிறது. புறநோயாளிப் பிரிவின் ஓர் அறையை முறைப்படி பதிவு செய்து, வாரம் ஒரு நாள் கதிரியக்கத் துறை மருத்துவர் ஒருவரை அங்கே உட்கார வையுங்கள். குடல் மருத்துவர்களில் விருப்பமுள்ளவர்களை, சட்டம் கேட்கும் தகுதியைப் பெறும் பயிற்சிக்கு அனுப்புங்கள். கோடிகளில் புது இயந்திரமும் வேண்டாம். குடல் சுவரை அளக்கும் அதிக அதிர்வெண் புரோப், தைராய்டு பார்க்க ஏற்கெனவே ஸ்கேன் அறைகளில் இருக்கிறது. கை பழகுவதற்குத்தான் காலம் பிடிக்கும்.

கூடவே ஒரு சின்ன உத்தரவு. எங்கள் கைக்கு வரும் ரிப்போர்ட்டில் ‘குடல் சுவர் தடித்துள்ளது’ என்று ஒரு வரி இருக்கும், அவ்வளவுதான். 3 மில்லிமீட்டருக்கு மேல் போனால் தடிப்பு என்பது பொதுவான கணக்கு. போன முறை 7, இந்த முறை 4 என்று எழுதினால்தானே மருந்து பிடிக்கிறதா என்று தெரியும்? எத்தனை மில்லிமீட்டர், குடலில் எந்த இடம், எவ்வளவு நீளம், ரத்த ஓட்டம் கூடியிருக்கிறதா என்ற நான்கையும் ரிப்போர்ட் படிவத்தில் கட்டாயமாக்குங்கள். இதற்கு நிதித்துறை ஒப்புதல்கூடத் தேவைப்படாது.

இப்படிக்கு,
குரோன்ஸ் நோயாளி ஒருத்தியின் அப்பா